விதி பதினான்கும் கிடைக்கார அண்ணாச்சியும்

"ஆய்வில் பங்குகொண்டவர்களுக்கு அதன் முடிவுகள், வேறு எவருக்கும் முன்பாக, அவர்களுக்குப் புரியும் மொழியில், வாய்மொழியாகவேனும் தெரிவிக்கப்பட வேண்டும்." இது விதி பதினான்கு. எங்கள் ஊரக ஆய்வுத் திட்டத்தின் நெறிமுறைப் புத்தகத்தில் பதினோராம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. இதை எழுதியது யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நான்தான் எழுதினேன். மேலிடத்திலிருந்து வந்த மாதிரிப் படிவத்தில் அந்தப் பக்கம் பாதியோடு நின்றிருந்தது. வெற்றிடம் விட்டால் வேறு யாராவது வந்து எதையாவது நிரப்பிவிடுவார்கள் என்பது அலுவலகப் பாடம். அதனால் நானே நிரப்பினேன். 'வாய்மொழியாகவேனும்' என்ற சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துச் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. தப்பிக்க இடம் கொடுக்காத சொல். காகிதம் இல்லை, அச்சகத்தில் தாமதம், மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் இருக்கிறார் என்று எந்த அதிகாரியும் காரணம் சொல்ல முடியாது. வாய் இருந்தால் போதும். முப்பத்துநான்கு ஆண்டு சர்வீஸில் நான் எழுதிய ஒரே நல்ல வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அதை முதலில் மீறியவனும் நானே.

எங்கள் அலுவலகம் சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் இருந்தது. பல்கலைக்கழகமும் அரசும் சேர்ந்து நடத்திய திட்டம் என்று பலகை சொல்லும். பலகைக்குக் கீழே பொறுப்பு அலுவலராக நான், ஒரு தட்டச்சர், ஆய்வாளராக ஒரு பெண். அவ்வளவுதான் பல்கலைக்கழகமும் அரசும். காலை எட்டு மணிக்குத் தறிகள் ஓடத் தொடங்கினால் மேசையில் இருக்கும் குண்டூசி டப்பா தானாக நகரும். யாரிடம் எதைப் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். நான் பெரும்பாலும் எழுதித்தான் பேசுவேன் என்பதால் எனக்கு அது வசதியாகவே இருந்தது. சத்தம் போடாமலே குரல் கேட்ட ஒரே ஆள் கிடைக்கார அண்ணாச்சி. நாலு வயல் தாண்டி நிற்கும் ஆட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரல். அவர் படியேறி வந்து "சார், சௌக்கியமா?" என்றால் கீழே தறி ஓட்டுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார்.

கரிவலம்வந்தநல்லூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம் அவருக்கு. செம்மறி மந்தை வைத்திருந்தார். மாசியில் அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகக் கிடக்கும்போது விவசாயிகள் அவரைத் தேடி வந்து தங்கள் வயலில் கிடை போடச் சொல்வார்கள். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை இரவில் அந்த வயலில் வலை கட்டி அடைப்பார். அவை போடும் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். மறுநாள் வலையைச் சில அடி நகர்த்திக் கட்டுவார். இப்படியே நகர்த்தி நகர்த்தி ஒரு வயல் முழுவதையும் ஆடுகள் படுத்தே தீர்த்துவிடும். பிறகு அடுத்த வயல். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. யாருக்கு எந்த நாள் என்பது அவர் தலைக்குள் இருந்தது. மழைக்காலத்தில் வயலெல்லாம் பயிராகிவிடும். அந்த மாதங்களில் மந்தைக்கு இருந்த ஒரே இடம் குளத்துக்குப் பின்னால் கிடந்த மேய்ச்சல் புறம்போக்கு. அது இருந்தால் மந்தை. மந்தை இருந்தால் கிடை.

கிடை போட்ட நிலத்துக்கும் போடாத நிலத்துக்கும் விளைச்சலில் என்ன வேறுபாடு என்பதுதான் எங்கள் ஆய்வு. ஊர்க்காரர்கள் பாட்டன் காலத்திலிருந்து அறிந்ததை நாங்கள் இரண்டு கோடைகளும் இரண்டு விளைச்சலும் செலவழித்து உறுதி செய்ய வேண்டும் என்று திட்டம். இப்படிச் சொல்வது என் பழைய கேலி. ஆனால் அந்தப் பெண் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஊருக்குத் தெரியும் சார். ஆபீசுக்குத் தெரியாதே. ஆபீசுக்குத் தெரிஞ்சாத்தானே அந்தப் புறம்போக்கைக் காப்பாத்த முடியும்?" என்றாள். காலை முதல் பஸ்ஸில் போய் மண் எடுப்பாள். முதல் வாரம் அவள் பைகளில் மண் அள்ளிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்ததை அண்ணாச்சி வெகுநேரம் பார்த்திருக்கிறார். பிறகு சொன்னாராம்: "ஏட்டி மக்கா, ஆடு படுத்த எடம் அங்கன கெடக்கு. நீ ஆட்டுக்காரன் கட்டிலு போட்ட எடத்துல மண்ணெடுக்கே. என் ஒடம்புல என்ன சத்து இருக்குன்னா ஆராய்ச்சி?" இதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து எந்த இரவு எந்த மூலையில் வலை இருந்தது என்று அவர் விரல் நீட்டிய இடத்தில்தான் மண் எடுத்தாள். அறிக்கையில் அதை 'அடுக்கு முறை மாதிரித் தேர்வு' என்று குறிப்பிட்டோம். அண்ணாச்சியின் விரல் என்று குறிப்பிடுவதற்குப் படிவத்தில் இடமில்லை.

இரண்டாம் விளைச்சலும் முடிந்து, ஆவணியில் முடிவுகள் கைக்கு வந்தன. கிடை போட்ட வயல்கள் எல்லா வகையிலும் மேலாக இருந்தன. விளைச்சல் கூடுதல், வாங்கிப் போட்ட உரம் குறைவு, மண்ணில் ஈரம் நின்ற நாட்கள் அதிகம். அந்தப் பெண் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வரைவு அறிக்கையை முறைப்படி மூன்று பிரதிகள் எடுத்துப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்துக்கு அனுப்பினேன். விதி பதினான்கின்படி அன்று மாலையே பஸ் ஏறிப் போய் அண்ணாச்சியிடமும் அந்த விவசாயிகளிடமும் சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேரப் பயணம். ஆனால் விதி இருபத்திரண்டு என்று ஒன்று இருக்கிறது. "அங்கீகரிக்கப்படாத வரைவு அறிக்கையின் உள்ளடக்கம் எந்தப் பொதுக்கூட்டத்திலும் வெளியிடப்படலாகாது." இது மாதிரிப் படிவத்திலேயே இருந்தது. என்னுடையது அல்ல. இரண்டு விதிகளும் மோதும்போது, தான் எழுதியதை விட்டுவிட்டு மேலே இருந்து வந்ததைப் பிடித்துக்கொள்பவனைத்தான் நல்ல அலுவலர் என்று சொல்வார்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள்.

அதே சமயத்தில் அந்த ஊராட்சியில் வேறொரு யோசனை வந்தது. புறம்போக்கைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு மரக்கன்று நடுவது. குழி வெட்டவும் தண்ணீர் ஊற்றவும் நூறு நாள் வேலை கிடைக்கும். கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். வேலையில்லாத பெண்கள் அந்த ஊரில் நிறைய இருந்தார்கள். ஆனால் வேலி வந்தால் ஐப்பசி முதல் தை வரை மந்தைக்குக் கால் வைக்க இடமில்லை. காந்தி ஜெயந்தி கிராம சபையில் தீர்மானம் என்று முடிவானது. அதற்கு ஒரு வாரம் முன்னால் அண்ணாச்சி படியேறி வந்தார். செருப்பை வழக்கம்போல் கீழ்ப்படியிலேயே விட்டிருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"முடிவு வந்துட்டா சார்?" என்றார்.

"வர வேண்டிய இடத்தில் இருக்கு அண்ணாச்சி. வந்ததும் சொல்லுவோம்" என்றேன். மேசையின் இழுப்பறைக்குள் நான்காவது பிரதி இருந்தது. மூன்று அனுப்ப வேண்டிய இடத்தில் நான் எப்போதும் நான்கு எடுப்பேன்.

"கூட்டத்துக்கு முந்தி வந்துட்டா நல்லாருக்கும். நான் பேசுனா ஒருத்தனும் காதுல போட்டுக்கிட மாட்டான், அதான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் போனதும் நான் சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உடனே ஒரு கடிதம் எழுதினேன். விதி பதினான்கு, விதி இருபத்திரண்டு ஆகிய இரண்டில் எது மேலோங்கும் என்று உரிய விளக்கம் அளிக்குமாறு பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்ளும் கடிதம். அழகான கடிதம். பார்வை ஒன்று, பார்வை இரண்டு, இணைப்பு இரண்டு. அதைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தபோது ஒரு பெரிய கடமையை முடித்த நிம்மதி எனக்கு இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்று அதிகம் கூசுகிறது.

கிராம சபை சமுதாயக் கூடத்தில் நடந்தது. துறை அலுவலர்கள் வரிசையில் எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதல் வரிசையில் பெண்கள், பின்னால் ஆண்கள், வாசலில் நின்றுகொண்டு அண்ணாச்சி. ஊராட்சித் தலைவர் மரக்கன்றுத் திட்டத்தை வாசித்தார். முடித்ததும் அண்ணாச்சி மைக் இல்லாமலே பேசினார்.

"வேலி போடுங்க, வேண்டாங்கல. பாதிய எனக்கு விடுங்க. மந்த இல்லேன்னா கிடைக்கு எங்கன போவிய? இந்த ஊரு மண்ணுக்கு என் ஆடு என்ன செஞ்சிருக்குன்னு ரெண்டு வருசமா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "புழுக்கைக்கு ஆராய்ச்சியா வே! டாக்டர் பட்டம் அந்தப் பிள்ளைக்கா, ஆட்டுக்கா?"

கூடமே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். "ஆட்டுக்குக் குடுத்தாலும் தப்பில்ல வே. வயல்ல படுத்து வேல பாத்தது அதுதான். நீரு வீட்டுல படுத்தே கெடந்தீரு, ஒமக்கு யாரு பட்டம் தருவா?"

இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் இருந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னா, ஆட்டுக்காரன் ஆட்டுக்குத்தான் பேசுவான்னு சொல்லுவிய. இந்தா, சாரே இருக்காரு. ரெண்டு வருசமா மண்ண அள்ளிக்கிட்டுப் போனாங்களே, என்ன கண்டாங்கன்னு அவரு சொல்லட்டும். அவரு இல்லன்னுட்டா நான் பேசாம ஒக்காந்துக்கிடுதேன்."

தலைவர் மைக்கை என்னிடம் கொடுத்தார். அவர் முகத்தில் எதிர்ப்பு எதுவும் இல்லை. "சொல்லுங்க சார், தெரிஞ்சுக்கிடுவோம்" என்றுதான் சொன்னார். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். என்னை யாரும் தடுக்கவில்லை. கூட்டம் அமைதியாக இருந்தது. தறிச் சத்தம்கூட இல்லாத இடம். என் தோல்பைக்குள் அந்த நான்காவது பிரதி இருந்தது. அன்று காலை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தது நானேதான். 'கிடை போட்ட நிலம்தான் மேலாக இருந்தது' என்று ஒரே வாக்கியம். அந்த மக்களுக்குப் புரியும் மொழியில். வாய்மொழியாக.

நான் மைக்கில் சொன்னது இது: "மேற்படி ஆய்வின் அறிக்கை தற்போது பரிசீலனையில் உள்ளது. உரிய அங்கீகாரம் பெறப்பட்டபின் முறைப்படி தெரிவிக்கப்படும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்து வயது பார்க்கிறவர்கள் ஒரு கணம் நிதானிப்பார்களே, அது மாதிரி. "சரி சார்" என்றார். பிறகு வாசலை விட்டு உள்ளே வந்து, சொன்னபடியே பேசாமல் உட்கார்ந்துகொண்டார். கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. வருகைப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டேன், பெயருக்குக் கீழே பதவியும் சேர்த்து.

மறுநாள் அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்: "நீங்க சொல்லியிருக்கலாம்ல சார்?" விதி இருபத்திரண்டின் நகலை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. என் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு தட்டச்சர் வந்து அது தனக்குத்தான் போலும் என்று வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட்டார்.

தீபாவளிக்கு முந்திய பாம்புக்கோவில் சந்தையில் அண்ணாச்சி மந்தையை விற்றார். நான் போய்ப் பார்க்கவில்லை. மொத்தமாக ஒரே ஆளிடம் கொடுக்காமல் நாலைந்தாகப் பிரித்து, வளர்க்கிறவர்களாகப் பார்த்துக் கொடுத்தார் என்றும், கடைசி லாரி போனபின் கிடை வலைகளை மட்டும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார் என்றும் கேள்விப்பட்டேன். ஊரில் ஆடில்லாமல் இருக்கப் பிடிக்கவில்லை என்று வாசுதேவநல்லூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே யாருடைய தென்னந்தோப்புக்கோ தண்ணீர் பாய்ச்சுகிறார் என்றார்கள்.

கார்த்திகையில், வேலி எழும்பி நின்ற பிறகு, என் கடிதத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. "பார்வையில் காணும் விதிகள் தம்மளவில் தெளிவாகவே உள்ளன. தனி விளக்கம் தேவையில்லை." உண்மைதான். விதி இருபத்திரண்டு பொதுக்கூட்டத்தைத்தான் தடுக்கிறது. மேசைக்கு முன்னால் நிற்கும் ஒரு மனிதரிடம், தோப்பில் நிற்கும் ஒரு மனிதரிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரிடம் சொல்வதை அது தடுக்கவே இல்லை. எந்த எழுத்தரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பான். எழுத்தர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவன் நான். அப்போது ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது, மெமோ வாங்கினால் ஓய்வூதியக் கோப்பு சிக்கும் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். அதை மனைவியும் நம்பினாள். பயம் என்று சொன்னால் அதில் கொஞ்சம் மரியாதையாவது இருக்கிறது. அது பயம்கூட இல்லை. பழக்கம். ஒரு கேள்வி வந்தால் அதற்கு விடை சொல்லாமல் அதை அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைக்கும் பழக்கம்.

அறிக்கை அடுத்த கோடையில் அச்சாகி வந்தது. ஆங்கிலத்தில், வழவழப்பான தாளில். அட்டையில் அண்ணாச்சியின் ஆடுகள். ஊராட்சிக்கு ஒரு பிரதி போனது. அதே மாதம் ஒரு விவசாயி அலுவலகத்துக்கு வந்து, "கிடை போட ஆளு யாராச்சும் இருந்தா சொல்லுங்க சார், ஒங்களுக்குத்தான் ஆட்டுக்காரங்களத் தெரியுமே" என்றார். கூடத்தில் எழுந்து டாக்டர் பட்டம் ஆட்டுக்கா என்று கேட்டவர் அவர்தான். அவரிடம் அறிக்கையைக் காட்டினேன். அட்டையைத் தடவிப் பார்த்து, "நல்லா எடுத்திருக்காங்க" என்றார். அவருடைய வயலும் அந்த அறிக்கையில் ஒரு எண்ணாக இருந்தது. அவருக்கு அது தெரியாது.

ஓய்வு பெற்ற பின்னும் என்னை விடவில்லை. புதிதாகச் சேர்ந்த அலுவலர்களுக்கு ஒரு பயிலரங்கு. 'ஆய்வை மக்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி' என்ற தலைப்பில் நான் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். எங்கள் விதி பதினான்கை வேறு பல திட்டங்களும் எடுத்துக்கொண்டிருந்தன. அதைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். நான் நன்றாகப் பேசினேன். 'வாய்மொழியாகவேனும்' என்ற சொல்லின் அருமையை விளக்கினேன். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் இளம்பெண் எழுந்து, "நீங்க அப்படிச் சொன்னதால ஊருக்குப் பயன்பட்ட ஒரு அனுபவம் சொல்லுங்க சார்" என்று கேட்டாள். நேரமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் என்னைக் காப்பாற்றினார். பஸ்ஸில் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது அந்தக் கேள்விதான் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சிக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் வரைவில் பார்வை, பொருள் என்று போட்டுவிட்டு அடித்தேன். இரண்டாவதில் சூழ்நிலை என்ற சொல் மூன்று முறை வந்தது. அதையும் கிழித்தேன். கடைசியில் ஒரு பக்கம் மட்டும். உங்கள் ஆடுகள் படுத்த நிலம்தான் மேலாக இருந்தது, அது கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே எனக்குத் தெரியும், காகிதம் பையில் இருந்தது, உங்களுக்குத் தெரிய வேண்டியதை உங்களிடமிருந்து மறைத்தேன், மன்னிக்க வேண்டும். விவசாயி ஒருவரிடம் முகவரி வாங்கி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். வேறு எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரியாது. கடிதத்தின் கீழே கைபேசி எண்ணையும் எழுதியிருந்தேன். ஒரு வாரத்தில் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. மகளின் கையெழுத்து. அப்புறம் சித்திரை போனது, வைகாசி போனது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் கோவில் வாசலில் நின்ற நாளில், எதிரே வரும் ஒவ்வொரு தலைப்பாகையிலும் அவரைத் தேடினேன். வந்தால் என்ன சொல்வேன் என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

பதில் வாட்ஸ்அப்பில் குரலாக வந்தது. தெரியாத எண். பின்னால் மோட்டார் தண்ணீர் இறைக்கும் சத்தம். அதற்கு மேலே, கொஞ்சமும் உயர்த்தாமல், அந்தக் குரல்.

"சார், கும்பிடுதேன். லெட்டர மவ வாசிச்சுக் காட்டுனா. ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். பதிலு போட நாளாயிட்டு, ஒண்ணும் நெனைச்சுக்கிடாதிய. நீங்க எழுதுனது எனக்கு அப்பமே தெரியும் சார். கூட்டத்துக்கு மூணு நாளைக்கு முந்தி அந்தப் பிள்ள மேய்ச்சலுக்கே தேடி வந்து சொல்லிட்டுப் போயிட்டா. சாருக்குத் தெரிய வேண்டாம்னும் சொன்னா. எனக்குத் தெரியணும்னு நான் ஒங்ககிட்ட கேக்கல. ஊரு கேக்கணும், அதுவும் ஒங்க வாயால கேக்கணும்னுதான் கேட்டேன். நான் சொன்னா ஆட்டுக்காரன், அவ சொன்னா சின்னப் பிள்ள. நீங்க சொன்னா அது கவர்மெண்டு. அதுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல. ஒடம்பப் பாத்துக்கிடுங்க. தண்ணி மடைய ஒடைக்குது, வச்சிடுதேன்."

அதை மூன்று முறை கேட்டேன். விதி பதினான்கை அந்த அலுவலகத்தில் ஒருத்தி கடைப்பிடித்திருக்கிறாள், என்னிடமிருந்து மறைத்து. நான் அவரிடம் மறைத்ததாக நினைத்த ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை நாள் வருந்தியிருக்கிறேன். அதற்குத்தான் மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டது அதுவே அல்ல. கேட்டதை ஊர் முன்னால் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்பு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மேசையில் கிடந்த பழைய உறையின் பின்பக்கத்தில் கைபோன போக்கில் எழுதினேன்: பதில் பெறப்பட்டது, ஆவணி ஒன்பது, திங்கட்கிழமை, முற்பகல்.